இரைப்பைப் புற்றுநோய்

அஜீரணம் என்னும் சிறு பெயருக்குள் மறைந்து வரும் பெருநோயொன்றைக் குறித்து நாம் ஈண்டுச் சில கூறக் கருதுகின்றோம். பசிக்குறைவு, சிறிதுண்டவுடனே வயிறு நிறைந்தாற்போன்ற உணர்ச்சி, மேல்வயிற்றில் மந்தமான வலி ஆகிய இவையே இரைப்பைப் புற்றுநோயின் முதற்குறிகள். இவை பிற எளிய நோய்களிலும் காணப்படுவனவாதலின், சுக்குக் கஷாயத்தால் மாதக்கணக்காக ஆற்றிக்கொண்டிருக்கின்றோம். உடல் மெலிவும், கருநிற மலமும், இரத்த வாந்தியும் தோன்றும்போதோ நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இந்நோய்க்குக் காரணம் யாது? இரைப்பையின் கடும் அமிலத்தில் கிருமிகள் நிலைத்து வாழா என்றே வைத்தியர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரத்து ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையின் உட்சவ்வில் வாழும் சுருள் வடிவான கிருமியொன்றை ஆராய்ந்து, 1982-இல் அதனைப் பிரித்து வளர்த்தனர். பலர் நம்பாமையால், 1984-இல் மார்ஷல் அக்கிருமி வளர்ந்த நீரைத் தாமே பருகி, இரைப்பையழற்சியுற்றுத் தம் கூற்றை வலியுறுத்தினார். இருவர்க்கும் 2005-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் அக்கிருமி பல்லாண்டு தங்கி உட்சவ்வைக் கெடுத்துப் புற்றுக்கு வழி செய்யும். ஆயினும் அஃதுடையாருள் மிகச் சிலர்க்கே புற்று உண்டாகும். உப்பு மிகுந்த உணவும், புகைபிடித்தலும், குடும்ப வழியும் துணைக்காரணங்களாம்.

நோயை அறியும் வழி ஐயத்திற்கிடமற்றது. நுனியில் விளக்கும் காமிராவும் அமைந்த எண்டாஸ்கோப் என்னும் வளையுங்குழாயை வாய்வழியே செலுத்தி, இரைப்பையின் உட்புறத்தைக் கண்ணாரக் காண்பர். ஐயத்திற்குரிய இடத்தினின்று சிறு துணுக்கெடுத்து நுண்பெருக்கிக் கண்ணாடியாற் சோதிப்பர். நோய் பரவியுளதா என்பதை ஸ்கேன் படங்கள் காட்டும்.

1881-இல் வியன்னா நகரில் பில்ராத் என்னும் சத்திர வைத்தியர் புற்றுற்ற இரைப்பைப் பகுதியை அறுத்தெடுத்து ஒரு பெண்மணியைப் பிழைக்க வைத்தார். அந்தோ! சத்திரம் வென்றும், முன்னமே பரவியிருந்த நோயால் அவர் சில திங்களில் மாண்டார். இன்றும் பாடம் அதுவே. மேற்படலத்தளவில் நிற்கும் புற்றைப் பலர்க்கு வயிற்றை அறுக்காமலே அக்குழாய் வழியாக நீக்கலாம்; உரிய காலத்திற் கண்டோருட் பெரும்பாலோர் நலமுறுகின்றனர். முற்றியதற்கு அறுவையோடு புற்றணுக்களைக் கொல்லும் மருந்துகளும் வேண்டும். பரவிவிட்டதை முற்றும் நீக்கல் அரிது.

ஆதலின், நடுவயதைக் கடந்தோர்க்குப் புதிதாய்த் தோன்றிச் சில வாரங்களில் நீங்காத அஜீரணத்தை அற்பமென்று தள்ளாது, நம் வீட்டு முதியோரை நாமே அழைத்துச் சென்று மருத்துவர்க்குக் காட்டுவோமாக.