நேச நாடும் சதியும்: சைகோன், 1963

வள்ளுவர் நட்பாராய்தலுக்கும் கூடாநட்புக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். மனிதர்க்கு உரிய அவ்வாராய்ச்சி நாடுகளுக்கும் உரியதே. பகைநாடு ஓர் அரசைக் கவிழ்க்க முயல்வது புதுமையன்று. நேச நாடே அதற்கு உடந்தையாவதோ ஆராயத்தக்கது. தென்வியத்நாமில் 1963-ஆம் ஆண்டு நிகழ்ந்த இராணுவப் புரட்சி இதற்குத் தக்க சான்றாகும்.

நோ டின் டியெம் 1955-இல் குடியரசுத் தலைவரானார். பொதுவுடைமை வடக்கை எதிர்த்து நின்ற அவருக்கு அமெரிக்கா பொருளும் படைக்கலமும் வழங்கிற்று. கத்தோலிக்கராகிய அவர் பௌத்தர் மிக்க நாட்டை ஆண்டார். அதிகாரமோ அவர்தம் குடும்பத்தில் ஒடுங்கிற்று. 1963 மே 8-இல் ஹுவே நகரில், பௌத்தக் கொடி பறத்தலாகாது என்ற தடையை எதிர்த்துக் கூடியோருட் சிலர் மாண்டனர். ஜூன் 11-இல் திக் குவாங் டுக் என்னும் பிக்கு சைகோன் வீதியில் தீக்குளித்தார். ஆகஸ்டு 21-இல் படையினர் பௌத்த ஆலயங்களுட் புகுந்தனர்.

மூன்று நாள் கழித்து அமெரிக்கத் தூதர் லாட்ஜுக்கு வாஷிங்டனிலிருந்து ஒரு தந்தி சென்றது. டியெம் தம் தம்பி நூவை விலக்காவிடின் டியெமையே கைவிட நேரலாம் என்பது அதன் கருத்து. பின்னர், புரட்சியைத் தடுக்கமாட்டோம் என்ற உறுதி தளபதிகட்குக் கிடைத்தது. அமெரிக்க உளவுத்துறையினர் ஒருவர் அவர்களோடு தொடர்பு கொண்டிருந்தார். புரட்சி நாளில் அவர்கட்குப் பணமும் கொண்டு சென்றார்.

நவம்பர் 1-இல் புரட்சி எழுந்தது. டியெம் லாட்ஜைத் தொலைபேசியில் அழைத்து அமெரிக்காவின் நிலையை வினவினார். தெளிவான விடை கிடைத்திலது. மறுநாள் சோலோன் பகுதியில் ஒரு தேவாலயத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட உடன்பிறந்தார் இருவரும் கவச வண்டியுள்ளே கொல்லப்பட்டனர். ஆகஸ்டுத் தந்திக்குத் தமக்கும் பொறுப்புண்டு என்று ஜனாதிபதி கென்னடி நவம்பர் 4-இல் ஒலிப்பதிவில் கூறினார்.

புரட்சியால் விளைந்த நலன் யாது? மூன்று மாதத்திற்குள் மற்றொரு புரட்சி வந்தது. 1963-இல் ஏறத்தாழ 16,000 ஆக இருந்த அமெரிக்கப் படையினர் 1968-இல் 5,00,000-க்கும் மேற்பட்டனர். புரட்சிக்குத் தலைமை தாங்கிய டுவோங் வான் மின்னே, 1975 ஏப்ரல் 30-இல் நாட்டின் இறுதித் தலைவராய்ச் சரணடைந்தார்.

டியெம் நம் சமயத்தவர் என்பதற்காக அவர்தம் கொடுமையை மறைத்தல் அறமன்று. ஆயினும் அவரை நீக்கும் உரிமை அந்நாட்டு மக்களுடையது. 'யாம் செய்திலேம், தடுத்திலேம்' என்பது குற்றமின்மை ஆகுமோ? பிலாத்து கை கழுவினான், பழி கழுவப்பட்டிலது.