பாகனின் குரல்

மதயானைக்கு வழிவிடாது நின்ற சீடனின் கதையை ஸ்ரீராமகிருஷ்ணர் கூறியுள்ளார். யானையும் நாராயணனே என்று எண்ணி நின்றவனை அது தூக்கி எறிந்தது. விலகச் சொல்லிக் கூவிய பாகனும் நாராயணன்தானே, அவன் சொல்லை ஏன் ஏற்கவில்லை என்று குரு வினவினார்.

போலாரத்துக் குழந்தைகளுக்கு இக்கதை எளிதில் விளங்கும். ஊரில் ராஜீவ் ரகதாரி நெடுஞ்சாலையும் உண்டு. மேட்சல் செல்லும் இருப்புப்பாதையும் உண்டு. இதே பாதையில், வடக்கே மாசாயிபேட்டையில் 2014 ஜூலை 24 அன்று பள்ளிப் பேருந்தின் மீது ரயில் மோதிப் பல குழந்தைகள் மாண்டனர். அது ஆளில்லா லெவல் கிராசிங். கூவி எச்சரிக்க அங்கே பாகனே இல்லை. அகலப்பாதைகளில் அத்தகைய கிராசிங்குகள் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டுவிட்டன. இன்று பாகன் கூவத்தான் செய்கிறான். இயர்போன் செருகிய காதுக்கு அது எட்டுவதில்லை. மின்சார ரயிலோ டீசல் எஞ்சினைப் போல் இரைந்து வருவதுமில்லை.

கண்டிப்பதைவிடப் பயிற்சி நன்று. சாலையிலிருந்து சற்றுத் தள்ளி, குழந்தையின் கையைப் பற்றி நின்று, கண்களை மூடச் சொல்லுங்கள். வருவது லாரியா, ஆட்டோவா, எப்பக்கமிருந்து என்று அது கூறட்டும். பிறகு கண் திறந்து வலப்புறம், இடப்புறம், மீண்டும் வலப்புறம் பார்த்து, உங்களுடன் கடக்கட்டும். அவ்வேளையில் உங்கள் கைபேசி ஒலித்தால் எடுக்க வேண்டாம்; குழந்தை அதையும் பார்த்துக்கொண்டிருக்கும்.