எஞ்சினுக்கு அணிகலன்

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் பழமொழி. அந்தமானில் பிறந்து வளர்ந்த எனக்கு இப்பழமொழியின் பொருள் சற்று வேறு. அங்கே கடலே எல்லார்க்கும் உப்பிடுகிறது. கேட்டாலும் இடும், கேளாவிட்டாலும் இடும். சன்னல் கம்பியில் இடும். மிதிவண்டிச் சங்கிலியில் இடும். மூடிவைத்த காரின் எஞ்சினுக்குள்ளும் புகுந்து இடும். அதனை நினையாதவன் என்ன பாடுபடுவான் என்பதை நான் பட்டு அறிந்தேன்.

நம் விடுதியில் விளையாட்டுக் கார்களின் படங்கள் ஒட்டப்படாத சுவர் இல்லை. பானெட் திறந்திருக்க, உள்ளே எஞ்சின் புதுமணப்பெண்போல் மின்னும் படங்கள் அவை. "நீ ஊரில் ஒரு காரை இப்படி அலங்கரித்தாயாமே! எப்படிச் செய்தாய்?" என்று நண்பர் பலர் கேட்டனர். செய்ததையும், செய்து கெடுத்ததையும், கெடுத்தபின் கற்றதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எஞ்சின் அறையை அலங்கரிப்பது என்றால் என்ன? ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டுவது அன்று. பார்வைக்கு அழகு கூட்டுவது. தொழிற்சாலை இட்ட கறுப்புத் தகடுகளை நீக்கி, மெருகிட்ட அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ பித்தளையிலோ வெட்டிய தகடுகளைப் பொருத்துவர். வால்வு மூடி, பாட்டரியை இறுக்கும் பட்டை, ரேடியேட்டரின் மேல்தகடு, கம்பிகளை மறைக்கும் உறை, வெப்பத் தடுப்புத் தகடு, கடைசலில் பிடித்த மூடிகள், குமிழ்த்தலை நட்டுகள் ஆகியவையே எஞ்சினின் நகைகள்.

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உண்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்து விற்ற கார் அது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று நாள் கடல் கடந்து போர்ட் பிளேயருக்கு வந்தது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகர் அதுவே. "ஹெரால்டு விளையாட்டுக் காரா?" என்று நகைக்கவேண்டா. பிரிட்டனில் 1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற விளையாட்டுக் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் எழுப்பியதே. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கேலாட்டி என்னும் ஒரே இத்தாலியர். இரண்டிலும் பானெட் மட்டும் திறப்பதில்லை. மட்கார்டுகளோடு முகம் முழுவதும் முன்னோக்கிச் சாயும். எஞ்சின் நான்கு பக்கமும் தெரிய வெட்டவெளியில் நிற்கும். அலங்கரிக்க ஆசைப்படுபவனுக்கு இதைவிட நல்ல மேடை ஏது?

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் அந்த மேடையில் நான் ஏறினேன். அபர்தீன் கடைத்தெருவில் அலுமினியத் தகடு வாங்கினேன். எஞ்சின் அறைக்கும் ஆட்கள் அமரும் அறைக்கும் நடுவே நிற்கும் இரும்புத் தடுப்பை அளந்து, அட்டையில் வடிவம் வெட்டி, அதன்படி தகட்டை அறுத்தேன். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியும்வரை மெருகேற்றினேன். பாட்டரியின் எர்த் கம்பி அந்தத் தடுப்பில்தான் முடுக்கப்பட்டிருந்தது. அதனைக் கழற்றி, இடையில் என் தகட்டை வைத்து, கம்பியின் செம்பு முனையைத் தகட்டின்மேல் எவர்சில்வர் போல்ட்டால் இறுக்கினேன். பங்குனி உத்திரத்தன்று உறவினர் எல்லாரும் வந்து பார்த்து வியந்தனர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மே மாதத்தில் மழை தொடங்கியது. எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும். ஆடியில் ஓரிரவு பாட்டிக்கு மூச்சுத் திணறியது. பெரியப்பா பாட்டியைத் தூக்கிவந்து காரில் அமர்த்தினார். சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஓர் ஒலி, அவ்வளவே. விளக்குகள் எரிந்தன, செல்ஃப் மோட்டார் சுழலவில்லை. தள்ளிப் பார்க்கலாமென்றால் வீடு இருப்பது மேட்டின் அடியில். கொட்டும் மழையில் நான் ஓடி, இரண்டு தெரு தள்ளி ஓர் ஆட்டோக்காரரை எழுப்பி அழைத்துவந்தேன். கால்மணி நேரம் கழிந்தது. அந்தக் கால்மணி நேரம் பாட்டி மூச்சுக்குப் போராடிய ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது.

பாட்டி நான்கு நாளில் நலமாகி வீடு திரும்பினாள். கழற்றிக் கிடந்த தகட்டைப் பார்த்து, "வண்டிக்கு மூக்குத்தி குத்துறேன்னு அது மூச்சையே அடைச்சுட்டியேடா!" என்றாள். எல்லாரும் சிரித்தனர்; என்னால் சிரிக்க முடியவில்லை.

தகட்டில் செம்பு முனை அமர்ந்திருந்த இடத்தில் வெண்ணிறத் தூள் பூத்திருந்தது. அதனைக் காகிதத்தில் மடித்து, ஜங்கிலிகாட் படகுத்துறையில் எஞ்சின் பழுதுபார்க்கும் தூத்துக்குடிப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் விளக்கம் சொல்லவில்லை. கரையேற்றியிருந்த படகு ஒன்றின் அடிப்பக்கத்தைக் காட்டினார். சுழல்விசிறியின் அருகே கரைந்து குழிவிழுந்த ஓர் உலோகக் கட்டி இருந்தது. "இது நாகம், தம்பி. துத்தநாகம். சாகட்டும்னே கட்டி வச்சிருக்கோம். இது செத்தாத்தான் மத்தது பொழைக்கும். நீ எதைச் சாகக் கொடுத்தே?" என்றார்.

நான் அலுமினியத்தைச் சாகக் கொடுத்திருந்தேன். காரணத்தைப் பிறகு பாடநூலில் படித்தேன். வெவ்வேறு உலோகங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட, இரண்டையும் உப்புநீர் நனைத்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் பிறந்துவிடுகிறது. இரண்டில் எளிதில் எலெக்ட்ரானை இழக்கும் உலோகம் கரையும்; மற்றது தப்பும். கடல்நீரில் கரையும் எளிமையை வைத்து வரிசைப்படுத்தினால், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு, எவர்சில்வர் என நிற்கும். வரிசையில் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றனவோ, அவ்வளவு பகை. அலுமினியத்தின்மேல் செம்பையும் எவர்சில்வரையும் ஏற்றிய நான் பகைவரைத் தேடிப் பிடித்து மணம் முடித்திருந்தேன்.

அலுமினியம் அரித்து உண்டாகும் வெண்தூள் மின்சாரத்தைக் கடத்தாது. அங்கே ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை ஏற்பட்டது என்று வைத்துக்கொள்வோம். விளக்குகளுக்கு 8 ஆம்பியர் போதும்; இழப்பு 0.8 வோல்ட், வெளிச்சம் சற்றே மங்கும். செல்ஃப் மோட்டாருக்கு 100 ஆம்பியர் வேண்டுமெனில், இழப்பு மட்டும் 10 வோல்ட்! 12 வோல்ட் பாட்டரியில் மிஞ்சுவது 2 வோல்ட். மோட்டார் எப்படிச் சுழலும்? விளக்கு எரிந்ததையும் எஞ்சின் எழாததையும் இந்த ஒரு கணக்கு விளக்கிவிடுகிறது.

இத்தவற்றை முதலில் செய்தவன் நான் அல்லேன் என்பது ஓர் ஆறுதல். பிரிட்டிஷ் கடற்படையினர் 1761-இல் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் மரத்தாலான அடிப்பகுதிக்குச் செப்புத்தகடு போர்த்தினர். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுப்பதே நோக்கம். 1763-இல் சோதித்தபோது செம்பைத் தொட்ட இரும்பாணிகள் பல அரித்துப் போயிருந்தன. ஆனால், தகடு சுற்றிவந்த பழுப்புத்தாள் தற்செயலாக நடுவில் சிக்கிய இடங்களில் ஆணிகள் நன்றாக இருந்தன. ஒரு தாள் இடைநின்று பகை தீர்த்தது! 1824-இல் ஹம்ஃபிரி டேவி என்னும் அறிஞர், செம்பைக் காக்கத் துத்தநாகத்தையோ இரும்பையோ அதனுடன் இணைக்கலாம் எனக் காட்டினார். ஜங்கிலிகாட் பெரியவர் காட்டிய கட்டி அதன் வழிவந்ததே. நம் தமிழ்நாட்டிலும் இத்துறைக்கு ஓர் உயர்நிலையம் உண்டு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 1948-இல் அடிக்கல் நாட்டினர். 1953-இல் அது திறக்கப்பட்டது. உலோக அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சி அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று.

இனி, காரை அலங்கரிக்க விரும்பும் நண்பர்களுக்கு நான் கற்ற நெறிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, மின்சாரம் செல்லும் வழியில் நகையைக் குறுக்கே வைக்காதீர். எர்த் கம்பியின் முனை, பூச்சு நீக்கிய துப்புரவான இரும்பை நேரே தொடவேண்டும். இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவுக. அலங்காரத் தகட்டில் அந்த இடத்தை வட்டமாக வெட்டிவிடுக.

இரண்டாவது, அளவைப் பாருங்கள். பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய எவர்சில்வர் போல்ட் இருந்தால் அரிப்பு பரந்து, மெல்ல நிகழும். பெரிய எவர்சில்வர் தகட்டைச் சிறிய அலுமினிய ரிவெட்டால் அடித்தால் அரிப்பு முழுவதும் அந்த ரிவெட்டின் தலையில் விழும்; விரைவில் தகடு கழன்று விசிறியில் விழலாம்.

மூன்றாவது, பழுப்புத்தாளை மறவாதீர். இரு உலோகங்களுக்கு நடுவே நைலான் வாஷரோ ரப்பர்த் துண்டோ இடுக. ஆனால் புகைக்குழாயின் அருகே இவை உருகும். அங்கே தகட்டையும் போல்ட்டையும் ஒரே உலோகத்தில் அமைப்பதே நன்று. தகட்டின் அடியில் நீர் தேங்காமல் வடிய வழி விடுக. தேங்கும் துளியே மின்கலத்தின் உயிர்.

நான்காவது, வெப்பத்துக்கு இடம் கொடுங்கள். 40 சென்டிமீட்டர் நீள அலுமினியத் தகடு 80 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதில் பாதிதான் நீளும். துளைகளைச் சற்று நீள்வட்டமாக்கினால் தகடு நெளியாது. ஹெரால்டில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் நடுவே வைக்கும் தகடு எதையும் ஒட்டாமல், இருபுறமும் காற்றோட இடைவெளியோடு நிற்கட்டும். மெருகிட்ட முகம் வெப்பத்தைத் திருப்பியனுப்பும். இங்கே அழகே பயனாகிறது.

ஐந்தாவது, குரோமியப் பூச்சை அளவுக்குமீறி நம்பாதீர். அதில் நுண்துளை விழுந்தால் அடியிலுள்ள இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சோ தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஒன்று பகட்டு, மற்றது தியாகம்.

சென்ற விடுமுறையில் ஹெரால்டை மீண்டும் அலங்கரித்தேன். அதே தகடுதான், அரித்த பகுதியை வட்டமாக வெட்டி எறிந்தேன். அந்த வட்டத்தின் நடுவே எர்த் கம்பி, கிரீஸ் பூசிய கறுத்த முகத்தோடு, இரும்பைப் பற்றி நிற்கிறது. பார்க்க வருபவர் சிலர், "இந்த ஓர் இடம் மட்டும் அழகைக் கெடுக்கிறதே, மூடிவிடக்கூடாதா?" என்கின்றனர். பெரியப்பா விடை சொல்வதில்லை. சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் எழுகிறது. பாட்டி திண்ணையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நண்பர்களே, அலங்கரியுங்கள்! ஆனால் மூக்குத்தி குத்துமுன் மூச்சு எவ்வழியே போகிறது என்று பாருங்கள்.