சுகாதாரக் கணக்கும் கடைவரம்பும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

சங்கத்தின் வருஷாந்தர மகாசபையில் அறிக்கை வாசிக்கப்படும்பொழுது, "இவ்வருஷம் இத்தனை லட்சம் ரூபாய் கடன் வழங்கினோம்" என்று கேட்டவுடனே அநுபவமுள்ள அங்கத்தினர் திருப்தியடைந்து வீடு திரும்புவதில்லை. தவணை தப்பிய பாக்கி எவ்வளவு, அது யாரிடம் நிற்கிறது, பாட்டத்துக்கு உழும் குடியானவனுக்கும் கடன் கிடைத்ததா, அல்லது நிலமுள்ள பத்துப் பேருக்கே போய்ச் சேர்ந்ததா என்று வினவுகிறார். தணிக்கையில் சங்கம் 'ஏ' வகுப்பா 'டி' வகுப்பா என்று தீர்மானிப்பதும் ஒரே ஒரு தொகையைப் பார்த்தன்று.

ஒரு ஜில்லாவின் சுகாதார ஏற்பாட்டையும் இவ்விதமே சோதித்தறிதல் வேண்டும். அதற்கு வைத்திய சாஸ்திரம் பயின்றிருக்க வேண்டியதில்லை. கணக்கைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால் போதும். அவ்வாசிப்பில் சாதாரணமாக நேரும் பிழைகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இங்கே எடுத்துக் கூறுவோம்.

1. ஒப்பிடுதல் எதற்காக?

இங்கிலாந்தில் 1848ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம், ஆயிரம் ஜனங்களுக்கு வருஷத்தில் 23 பேருக்கு மேல் இறந்துவந்த ஊர்களில் சுகாதாரச் சபை ஏற்படுத்த அதிகாரமளித்தது. அக்காலத்துப் புள்ளிக்கணக்கு நிபுணராகிய வில்லியம் பார் என்பவர் இதனினும் கடினமான அளவை முன்வைத்தார். ஆயிரத்துக்கு 17க்கு மேற்படாத மரணமுள்ள ஜில்லாக்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றையே மற்ற ஜில்லாக்களுக்கு அளவுகோலாக்கினார். ஓரிடத்தில் கூடுவது வேறிடத்திலும் கூட வேண்டுமன்றோ என்பதே அவர் கருத்து.

நம் தேசத்தில் நிதி ஆயோக் ராஜ்யங்களைச் சுகாதாரத்தில் வரிசைப்படுத்தி வந்தது. 2019-20ஆம் வருஷத்துக்குரிய பட்டியலில், பெரிய ராஜ்யங்களுள் கேரளம் 82.20 புள்ளிகளுடன் முதலிடமும், தமிழ்நாடு 72.42 புள்ளிகளுடன் இரண்டாமிடமும் பெற்றன. கடைசியிடத்தில் நின்ற உத்தரப் பிரதேசத்துக்குக் கிடைத்தவை 30.57 புள்ளிகள். 2018இல் தொடங்கிய வேறொரு திட்டத்தில், பின்தங்கிய 112 ஜில்லாக்கள் மாதந்தோறும் மதிப்பிடப்பட்டன. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் சேர்க்கப்பட்டன, கன்னியாகுமரி சேரவில்லை.

ஆகவே ஒப்பீடு வெறும் பெருமைக்கான காரியமன்று. பணமும் வைத்தியரும் செவிலியரும் எங்கே செல்லவேண்டுமென்று தீர்மானிப்போர் இத்தகைய கணக்குகளையே கையில் வைத்திருக்கின்றனர். 'முன்னேறிய ஜில்லா' என்று பெயரெடுத்த ஜில்லாவினுள் பின்தங்கிய மூலையொன்று இருக்குமானால், அம்மூலையின் குறை ஜில்லாவின் நற்பெயராலேயே மறைந்துபோகும். நமக்குள்ள அபாயம் இதுவே.

2. நாம் பெற்ற பூர்வ மூலதனம்

நம் ஜில்லாவின் நற்பெயர் ஒருநாளில் வந்ததன்று. திருவிதாங்கூரில் அம்மை குத்துதல் 1813ஆம் வருஷத்திலேயே தொடங்கியது. நெய்யூரில் லண்டன் மிஷனின் வைத்திய ஊழியம் 1838இல் ஏற்பட்டது. நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் வைத்தியசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. பள்ளிக்கூடங்களும் முன்னதாகவே பரவின. 1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தபோது, இம்மூலதனத்துடனேயே வந்து சேர்ந்தன. 2011ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி இங்கு எழுத்தறிவு 91.75 சதவீதம். ஜனநெருக்கத்தில் சென்னைக்கு அடுத்தபடி நிற்பதால், பெரும்பாலோருக்கு வைத்தியசாலை தொலைவுமில்லை.

இதனால் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஒரு ஜில்லா இன்று நிற்கும் நிலை வேறு. அங்கு இன்று நடைபெறும் வேலையின் திறமை வேறு. பாட்டனார் வைத்துப்போன தென்னையின் காய்ப்பைப் பேரனுடைய உழைப்பாக எண்ணலாகாது. நிலையையும் முன்னேற்றத்தையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

3. முதற் பிழை: வயதைப் பாராதிருத்தல்

2020ஆம் வருஷத்து மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஆயிரம் ஜனங்களுக்குக் கேரளத்தில் 7.0 பேரும், பீகாரில் 5.4 பேரும் இறந்தனர். பீகார் கேரளத்தைவிட ஆரோக்கியமான தேசமென்று இதைக்கொண்டு சொல்லலாமோ? அதே வருஷம், பிறந்த ஆயிரம் சிசுக்களில் ஒரு வயது நிரம்புமுன் இறந்தவை கேரளத்தில் 6, பீகாரில் 27. கேரளத்தில் முதியோர் மிகுதி. பீகாரில் இளையோர் மிகுதி. முதியோர் நிறைந்த ஊரில் மரணத்தின் மொத்தத் தொகை கூடுவது இயற்கை. குழந்தைப்பேறு குறைந்து முதியோர் பெருகிவரும் நம் ஜில்லாவை வேறு ஜில்லாவோடு ஒப்பிடும்போதும் இதை மறத்தலாகாது. மொத்த மரணத்தை ஒப்பிடாமல், ஒத்த வயதினரின் மரணத்தையே ஒப்பிட வேண்டும்.

4. இரண்டாம் பிழை: சிறு தொகையைக் கண்டு மயங்குதல்

வருஷத்தில் 50 குழந்தைகள் பிறக்கும் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிசு இறந்தால் விகிதம் ஆயிரத்துக்கு 20. அடுத்த வருஷம் மரணமில்லையாயின் பூஜ்யம். மூன்றாம் வருஷம் இரண்டு சிசுக்கள் இறந்தால் 40. ஊரிலோ வைத்தியத்திலோ யாதொரு மாறுதலும் நேராதிருக்கையிலேயே விகிதம் இவ்வாறு ஊஞ்சலாடும். இதைக்கொண்டு ஒரு கிராமச் செவிலியரைப் புகழ்வதும் இகழ்வதும் நியாயமன்று. ஐந்து வருஷத்தைச் சேர்த்தோ, பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்தோ பார்த்தல் வேண்டும்.

பெரிய சர்க்கார் கணக்கிலும் இக்கஷ்டமுண்டு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 32 ஜில்லாக்களிலும் சுமார் 28,000 குடும்பங்கள் விசாரிக்கப்பட்டன. ஜில்லா ஒன்றுக்குச் சராசரி 900 குடும்பங்களுக்கும் குறைவு. அவற்றில் ஒரு வருஷத்தில் பிறக்கும் குழந்தைகள் நூறுகூட இரா. ஜில்லாவாரி அறிக்கைகளில் சிசு மரண விகிதம் தரப்படாததன் நியாயம் இதனால் விளங்கும்.

அதே கணக்கெடுப்பு தமிழ்நாட்டின் சிசு மரண விகிதத்தை 18.6 என்றது, மாதிரிப் பதிவுக் கணக்கு 2020ஆம் வருஷத்துக்கு 13 என்றது. இரண்டில் ஒன்று பொய்யென்று கொள்ள வேண்டியதில்லை. முன்னது கடந்த ஐந்து வருஷத்துப் பிறப்புகளைப் பற்றியது; பின்னது ஒரு வருஷத்தைப் பற்றியது. எண்ணைப் பார்க்குமுன் அது எந்தக் காலத்துக்குரியது என்று பார்க்கவேண்டும்.

5. மூன்றாம் பிழை: இடத்தை மயங்கிக் கொள்ளுதல்

பிறப்பும் இறப்பும் அவை நிகழ்ந்த இடத்தில் பதிவாகின்றன. குடும்பம் வசிக்கும் ஊரிலன்று. மேல்புறத்திலுள்ள ஒரு தாய் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் பிரசவித்தால், பதிவு அவ்விடத்துக்குரியது. அபாய நிலையிலுள்ள சிசுவைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுசென்று, அது அங்கே இறந்துபோனால், அம்மரணம் கேரளத்தில் பதிவாகும். இங்ஙனம் பெரிய வைத்தியசாலையுள்ள ஊர் மரணம் மிகுந்த ஊராகத் தோன்றும். வைத்தியசாலையே இல்லாத ஊர் ஆரோக்கியமான ஊராகத் தோன்றும். எல்லைப்புற ஜில்லாவாகிய நமக்கு இப்பிழை மிகவும் நேரக்கூடும். பதிவுப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் வசிக்கும் ஊரும் கேட்கப்படுகிறது. அவ்வூர் சரியாக எழுதப்பட்டிருந்தால் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். ஆகவே படிவம் எழுதும்போது சொந்த ஊர்ப் பெயரைத் தவறாமல் கூறுக.

6. நான்காம் பிழை: தேய்ந்த அளவுகோல்

முன்னாளில் வைத்தியசாலைப் பிரசவம் எத்தனை சதவீதம் என்று கேட்டால் நல்ல ஜில்லாவும் பின்தங்கிய ஜில்லாவும் தெளிவாகப் பிரிந்து நின்றன. மேற்கூறிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அது 99.6 சதவீதமாயிற்று. எல்லாரும் தேறிவிடும் பரீட்சையால் யாரையும் பிரித்தறிய இயலாது. இனிக் கேட்கவேண்டிய கேள்வி, உள்ளே சென்றபின் தாய்க்கு நேர்ந்தது என்ன என்பதே. அக்கணக்கின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைப் பிரசவம். அரசாங்க வைத்தியசாலைகளில் 36.0, தனியார் வைத்தியசாலைகளில் 63.8. ஜனத்தொகை முழுவதையும் எடுத்துப் பார்க்கும்போது, அறுவைப் பிரசவம் பத்து சதவீதத்துக்கு மேல் பெருகுவதனால் மரணம் குறைவதாகக் காணப்படவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் தெரிவித்தது. அறுவை தேவைப்பட்ட தாய்க்கு அது உயிர் காப்பது; தேவையில்லாத தாய்க்கு அது செலவும் நோவுமாகும். இரண்டையும் ஒரே தொகையில் சேர்த்து எழுதினால் நன்மை தீமை விளங்காது.

7. ஐந்தாம் பிழை: சராசரியோடு நின்றுவிடுதல்

இதுவே எல்லாவற்றிலும் பெரிய பிழை. பேச்சிப்பாறை அணையில் நீர்மட்டம் நிறைவாக இருக்கிறதென்று கேட்டு நாஞ்சில்நாட்டு விவசாயி எவரும் கும்பப்பூ சாகுபடி கரையேறிவிட்டதாக எண்ணமாட்டார். தோவாளைக் கால்வாயிலும் புத்தனார் கால்வாயிலும் நீர் திறந்தபின், கடைவரம்பு வயலில் கால் நனைந்ததா என்றே பார்ப்பார். சுகாதாரத்துக்கும் அணையளவு வேறு, கடைவரம்பு அளவு வேறு.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு யூனியனில் 1,000 குழந்தைகள். சாலையோர ஊர்களில் 950. மலைக் குடியிருப்புகளில் 50. முன்னவர்களில் 912 பேருக்கும், பின்னவர்களில் 25 பேருக்கும் தடுப்பூசிகள் யாவும் போடப்பட்டன. மொத்தம் 937, அதாவது 93.7 சதவீதம். அறிக்கையில் இவ்வெண் அழகாகவே தோன்றும். மலையில் பாதிக் குழந்தைகள் விடுபட்டது அதில் தெரியாது. அடுத்த வருஷம் இன்னும் 19 குழந்தைகளுக்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம். அப்பத்தொன்பது பேரும் சாலையோரத்தவராயினும் மலையிலுள்ளவராயினும் மொத்தம் 95.6 சதவீதமே. சாலையோரத்தில் வேலை சுலபம், மலையில் கஷ்டம். சராசரியை மட்டும் கேட்கும் மேலதிகாரி, தம்மையறியாமலே சுலபமான பக்கத்துக்கு ஊழியரைத் தள்ளிவிடுகிறார்.

நல்ல வைத்தியம் அதிகம் தேவைப்படும் இடத்திலேயே அது குறைவாகக் கிடைக்கிறதென்று ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் தேசத்து வைத்தியர் 1971இல் எழுதினார். நமக்கு இது புதிதன்று. கடைவரம்பின் நியதியே இது. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைகளில் வாழும் காணிக்காரர், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள கடற்கரை ஜனங்கள் ஆகியோரின் கணக்கைத் தனியே பிரித்துக் கேட்கவேண்டும். 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. ஆனால் தூத்தூர்ப் பகுதியில் ஆழ்கடலுக்குச் சென்று வாரக்கணக்கில் திரும்பாத மீனவர், வீடு தேடி வருபவர் கண்ணில் படுவது எப்போது? அவரையும் கணக்கில் சேர்த்தாலன்றிச் சதவீதம் உண்மையாகாது.

அரசாங்கத்தின் நியமத்திலேயே இந்நியாயம் இடம்பெற்றுள்ளது. துணைச் சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 ஜனங்களுக்கு ஒன்று; மலைப்பகுதியில் 3,000க்கு ஒன்று. எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பது சமத்துவமாகத் தோன்றலாம். தேவைக்கேற்பக் கொடுப்பதே நீதி.

8. மெய்யான கணக்கின் மதிப்பு

தவணை தப்பிய பழைய கடனை அடைத்ததாகவும், அன்றே புதுக் கடன் கொடுத்ததாகவும் எழுதிப் பாக்கியை மறைக்கும் தீய வழக்கத்தை நாம் அறிவோம். பேரேட்டில் சங்கம் செழிக்கும், உள்ளே அழுகும். சுகாதாரக் கணக்குக்கும் இவ்வியாதி வரக்கூடும். பிறந்து சில மணி நேரத்தில் இறந்த சிசுவைச் செத்துப் பிறந்ததாக எழுதினால் சிசு மரண விகிதம் குறைந்துவிடும். ஆகையால் மரணத்தை ஒளிக்காமல் எழுதும் ஊர் முதலில் மோசமாகத் தோன்றும். அத்தகைய ஊரைத் தண்டித்தால், மறு வருஷம் எல்லா ஊர்களும் நன்றாகத் தோன்றும். குழந்தைகள் மட்டும் முன்போலவே இறந்துகொண்டிருக்கும்.

1937இல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 162 ஒரு வயதுக்குள் இறந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 58. 1946இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை இதை மறைக்காமல் எடுத்துக்காட்டிற்று. 2020இல் இந்தியாவின் எண் 28. தமிழ்நாட்டின் எண் 13. குறையை ஒப்புக்கொண்டு எழுதிய கணக்கே இம்முன்னேற்றத்துக்கு வழிகாட்டியது.

9. சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, பிறப்பு இறப்புகளை 21 நாட்களுக்குள் பதியும்படி அங்கத்தினரைத் தூண்டுதல். செத்துப் பிறந்த குழந்தையையும் அதற்குரிய படிவத்தில் பதிதல் வேண்டும்.

இரண்டாவது, கிராமத்தில் நேர்ந்த தாய் மரணம், சிசு மரணம் ஒவ்வொன்றிலும் வைத்தியசாலையை அடைய எவ்வளவு நேரமாயிற்று, தாமதம் எங்கே நேர்ந்தது என்று, யார் மீதும் குற்றஞ்சாட்டாமல், பெயரின்றிக் குறித்து வைத்தல்.

மூன்றாவது, சங்கத்தின் நகைக் கடனில் எத்தனை வைத்தியச் செலவுக்காக வாங்கப்பட்டன என்று ஒரு மொத்தக் கணக்கு எடுத்தல். வைத்தியத்துக்காகத் தாலியை அடகு வைக்கும் குடும்பம், வேறெந்தச் சர்க்கார் அறிக்கையிலும் தென்படாத சாட்சியாகும். இச்சாட்சி நம் பேரேட்டிலேயே இருக்கிறது.

நான்காவது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில், ஜில்லாச் சராசரியைக் கேளாமல், குடியிருப்புவாரியான கணக்கைக் கேட்டல்.

ஆலோசனைக்குரிய வினாக்கள்

நம் ஊரில் கடைவரம்பு எது? அங்கு வசிப்போரில் யாராவது நம் சங்கத்தின் அங்கத்தினரா? கடந்த ஐந்து வருஷத்தில் அங்கு இறந்த சிசுக்கள் எத்தனை? அவை எந்த ஊர்ப் பதிவேட்டில் உள்ளன?

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவற்றுக்கு விடை தேட முற்படுவார்களாக. விடை தெரியவில்லையென்றால், அத்தெரியாமையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பார்களாக. அதுவே முதல் கணக்கு.