வலைதளத்துக்கு இடம் பார்ப்பது எப்படி?

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றை முடித்ததும் மாணவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். “நான் செய்த பக்கத்தை எங்க வீட்டில் போனில் பார்க்க முடியுமா, சார்?” ஆய்வகக் கணினியில் மட்டும் திறக்கும் ஒரு கோப்பை ஊரே பார்க்க வேண்டுமென்றால், எந்நேரமும் இணையத்தில் இணைந்திருக்கும் ஒரு கணினியில் அதை வைக்க வேண்டும். அந்தக் கணினிதான் சர்வர். அதில் இடத்தை வாடகைக்குத் தரும் சேவைக்கு ஹோஸ்டிங் என்று பெயர்.

இது மாணவர்களுக்கு மட்டுமான பாடம் அன்று. பள்ளிக்கும் முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் தம் பாடத்துக்கும் வலைதளம் அமைக்கும் ஆசிரியர்கள் இன்று பலர். கணினி ஆசிரியராக நானும் சில தளங்களை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஹோஸ்டிங் தேர்வு என்றதும் எல்லாரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: நாம் பணிமாறுதலில் போன பிறகு இந்தத் தளத்தை யார் நடத்துவார்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

பெயர் வேறு, இடம் வேறு

டொமைன் எனப்படும் தளத்தின் பெயரும் ஹோஸ்டிங்கும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தனித்தனி. பெயர் என்பது முகவரி. ஹோஸ்டிங் என்பது வீடு. எந்தப் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் களப்பெயர் முறைமையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். பெயர் நம் கையில் இருந்தால் வீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சிம் நிறுவனத்தை மாற்றினாலும் அதே எண்ணைத் தக்கவைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதைப் போல.

‘டாட் இன்’ என்று முடியும் இந்தியப் பெயர்களை நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழிலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயரும் பெறலாம். ‘ஏசி டாட் இன்’, ‘ஈடியூ டாட் இன்’ என்று முடியும் பெயர்கள் கல்வி நிறுவனங்களுக்கு உரியவை. அவற்றை எர்னெட் இந்தியா வழங்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கு அதன் முன்னாள் மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு தளம் அமைத்துக் கொடுத்தார். பெயரைத் தம் பெயரில் பதிந்து, தம் மின்னஞ்சலைக் கொடுத்து, தம் கார்டிலேயே பணமும் கட்டினார். சில ஆண்டுகளில் வேலைக்காக வெளிநாடு சென்றார். பழைய மின்னஞ்சலும் கார்டும் வழக்கொழிந்தன. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் யார் கண்ணிலும் படவில்லை. பெயர் காலாவதியாகி வேறு யாரோ வாங்கினார்கள். பள்ளி நாட்குறிப்பில் அச்சிட்டிருந்த முகவரியைப் பெற்றோர் திறந்தபோது சூதாட்ட விளம்பரம் வந்தது. நல்ல மனத்தோடு செய்த உதவிதான். ஆனால் சாவி பள்ளியின் கையில் இல்லை.

தளம் என்ன வேலை செய்யப்போகிறது?

அறிவிப்பு, ஆசிரியர் பட்டியல், விழாப் படங்கள், பாடக் குறிப்புகள் ஆகியவை மட்டுமே போதுமென்றால் அது நிலையான தளம். எச்டிஎம்எல் கோப்புகளை அப்படியே வைத்தால் போதும். இதற்குக் கட்டணமில்லாத சேவைகள் உண்டு. எடுத்துக்காட்டாக, கிட்ஹப் பேஜஸில் ஒரு தளம் 1 ஜிபி வரை இருக்கலாம். மாதத்துக்கு 100 ஜிபி வரை தரவு செல்லலாம். மாணவர் செயல்திட்டத்துக்கு இது தாராளம். ஆனால் பிஎச்பி அங்கே இயங்காது.

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் வேண்டுமென்றால், அதாவது படிவத்தை நிரப்பினால் தரவுதளத்தில் சேர வேண்டுமென்றால், அவற்றை இயக்கும் ஹோஸ்டிங் தேவை. அதன் வகைகளை வகுப்பில் வீட்டோடு ஒப்பிட்டு விளக்குகிறேன்.

பகிர்வு ஹோஸ்டிங் என்பது காம்பவுண்டு வீடு. ஒரே குழாயில் எல்லாரும் தண்ணீர் பிடிக்க வேண்டும். வாடகை குறைவு, பராமரிப்பை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். ஆனால் பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் நம் வீட்டில் தண்ணீர் வராது. ஒரே சர்வரில் இருக்கும் வேறொரு தளத்துக்குக் கூட்டம் கூடினால் நம் தளம் மெதுவாகும்.

மெய்நிகர் தனிச் சர்வர் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டடம் பொது; மின் மீட்டரும் தண்ணீர்த் தொட்டியும் தனி. ஆனால் பூட்டு, பழுது எல்லாம் நம் பொறுப்பு. மென்பொருளைப் புதுப்பிக்கவும் பாதுகாக்கவும் தெரிந்தவர் ஒருவர் எப்போதும் வேண்டும். முழுச் சர்வரையும் எடுப்பது தனி வீடு. பள்ளிக்கு அது தேவைப்படாது.

கிளவுட் என்பது வாடகைப் பாத்திரக் கடை. விருந்துக்கு எத்தனை அண்டா வேண்டுமோ அத்தனை எடுத்து, அதற்கு மட்டும் பணம் கட்டலாம். பொதுத்தேர்வு முடிவு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் அமைதியாக இருக்கும் தளத்தை ஒரே காலையில் இலட்சக்கணக்கானோர் திறக்கிறார்கள். அத்தகைய தேவைக்குக் கிளவுட் பொருந்தும். செலவுக்கு எச்சரிக்கை வரம்பு வைக்காவிட்டால் மாத இறுதியில் வரும் பில் அதிர்ச்சி தரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விளம்பரத்தில் வரும் எண்களை மாணவர்களே கணக்கிட்டுச் சோதிக்கலாம். ஆண்டு விழாப் படங்கள் 10; போனில் எடுத்தபடியே ஒவ்வொன்றும் 3 எம்பி. பக்கத்தின் அளவு 30 எம்பி. 800 பேர் ஒருமுறை பார்த்தாலே 24,000 எம்பி, அதாவது 24 ஜிபி. ஒவ்வொரு படத்தையும் 150 கேபியாகச் சுருக்கினால் பக்கம் 1.5 எம்பி; மொத்தம் 1.2 ஜிபி. பெரிய திட்டத்தை வாங்குவதற்குமுன் படத்தைச் சுருக்கக் கற்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். பெற்றோரின் டேட்டாவும் மிச்சமாகும்.

‘99.9% நேரம் இயங்கும்’ என்ற உறுதிமொழியை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1% என்றால் 8.76 மணி நேரம். வெறும் 99% என்றால் 87.6 மணி நேரம். மூன்றரை நாளுக்கும் மேல். ஒரு ‘.9’ எவ்வளவு பெரியது என்பதை மாணவர்கள் வியப்போடு கண்டுகொள்வார்கள்.

அடுத்தது விலை. கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம்: முதல் மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 99 ரூபாய். 36 மாதத்துக்கு 3,564 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறத்தாழ 4,206 ரூபாய். புதுப்பிக்கும்போது மாதம் 299 ரூபாய் என்று சிறிய எழுத்தில் இருந்தால், அடுத்த மூன்று ஆண்டுக்கு வரியோடு ஏறத்தாழ 12,702 ரூபாய். எனவே பார்க்க வேண்டியது புதுப்பிப்பு விலையையே. ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால், கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா என்று விதிமுறைப் பக்கத்தில் தேடச் சொல்லுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

தமிழும் தூரமும்

‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 15 பைட். தரவுதளம் இந்தக் குறிமுறையை ஏற்காவிட்டால் நாம் தட்டச்சு செய்த தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிடும். மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்புக்கு முன்புவரை இயல்பான குறிமுறை லத்தீன்-1ஆக இருந்தது. எனவே பணம் கட்டும் முன், சோதனைக் காலத்திலேயே ஒரு தமிழ்ப் பத்தியைச் சேமித்து, மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கி.மீ. செல்லும். சென்னையிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 13,500 கி.மீ. போய்வரவே குறைந்தது 135 மில்லி நொடி ஆகும். மும்பைக்குப் போய்வர 10 மில்லி நொடி போதும். ஒரு பக்கம் திறக்கப் பலமுறை போய்வர வேண்டியிருப்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நம் வாசகர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் இந்தியாவில் உள்ள சர்வரே நல்லது. இயற்பியல் ஆசிரியரோடு சேர்ந்து நடத்தத் தக்க பகுதி இது.

பூட்டும் காப்பு நகலும்

முகவரிப் பட்டையில் ‘எச்டிடிபிஎஸ்’ வருவதற்கான பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே வழங்குகிறது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்து அழிந்தது. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். அதே வளாகத்தில் மட்டும் வைத்திருந்தவர்களில் சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். இலவசச் சேவைக்கு வேறொரு ஆபத்து உண்டு. ஒரு காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்றிருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டு, அதிலிருந்த எண்ணற்ற தளங்கள் மறைந்தன. மாதம் ஒருமுறை கோப்புகளையும் தரவுதளத்தையும் இறக்கிப் பள்ளியின் வன்தட்டில் வைப்பதே எளிய காப்பு. ஆண்டுக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து தளத்தை மீட்டுப் பார்க்கவும் வேண்டும். திறக்காத நகலை நம்ப முடியாது.

மாணவர் படம், பெயர், தொலைபேசி எண் போன்றவற்றைத் தளத்தில் இடுமுன் ஒருகணம் நிற்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களது தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. தேவையில்லாத தகவலைச் சேகரிக்காமல் இருப்பதே மிகச் சிறந்த பாதுகாப்பு.

வகுப்பறைச் செயல்பாடு

இரண்டு பாடவேளை போதும். வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ‘வாடிக்கையாளரை’க் கொடுங்கள்: அறிவிப்புகள் மட்டும் வெளியிடும் ஊர் நூலகம், ஆர்டர் எடுக்கும் பலகாரக் கடை, ஒரே நாளில் கூட்டம் கூடும் போட்டி முடிவுத் தளம். முதல் பாடவேளையில் தளத்தின் வேலை, பார்வையாளர் எண்ணிக்கை, மாதத் தரவு, மூன்றாண்டுச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு ஹோஸ்டிங் வகையைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாம் பாடவேளையில் மற்ற குழுக்கள் வாடிக்கையாளராக அமர்ந்து கேள்வி கேட்கட்டும். “நீங்கள் ஊரை விட்டுப் போனால் என் தளம் என்ன ஆகும்?” என்ற கேள்வி கட்டாயம் இடம்பெற வேண்டும். நாளை வலை வடிவமைப்பைத் தொழிலாக எடுக்கும் மாணவருக்கு அந்தக் கேள்விதான் தொழில் நேர்மையின் முதல் பாடம்.

ஒப்படைப்புத் தாள்

தளம் வெளியாகும் நாளிலேயே கீழ்க்கண்டவற்றை ஒரே தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும்.

1. பெயரும் ஹோஸ்டிங்கும் பள்ளியின் பெயரில், பள்ளியின் பொது மின்னஞ்சலில் பதியப்பட்டுள்ளனவா?
2. பெயர் எங்கே வாங்கப்பட்டது, ஹோஸ்டிங் எங்கே, இரண்டும் எந்தத் தேதியில் முடிகின்றன?
3. புதுப்பிப்புக் கட்டணம் வரியோடு எவ்வளவு? எந்த நிதியிலிருந்து கட்டப்படும்?
4. கடவுச்சொற்கள் மூடி முத்திரையிட்ட உறையில் பள்ளி அலுவலகத்தில் உள்ளனவா?
5. கடைசிக் காப்பு நகல் எந்த நாளில் எடுக்கப்பட்டது, எங்கே உள்ளது?
6. தளத்தைக் கையாளத் தெரிந்த இரண்டாவது ஆசிரியர் யார்?
7. வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் பின்பற்ற வேண்டிய படிகள் என்ன?

ஏழு கேள்விகளுக்கும் விடை எழுத முடிந்தால், எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நட்டம் வராது. கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போகும்போது பதிவேடுகளோடு இந்தத் தாளையும் ஒப்படைத்துக் கையொப்பம் பெற்றுச் செல்லுங்கள்.