முப்பது வயது மொழியில் இன்னுமா பிழை?

கேள்வி: ஜாவா 1995-இல் வந்த மொழி. அதில் இன்னுமா பிழை திருத்திக்கொண்டிருக்கிறார்கள்?

பதில்: திருத்துவதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும். அதன் நிரல் நூலகத்தில் இருந்த பைனரி தேடலையே (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை) எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் எழுதும் நிரல்தான். நடு இடத்தைக் காண, இரு முனைகளின் இட எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். இதில் என்ன தப்பு என்கிறீர்களா? பட்டியல் சுமார் 107 கோடி உறுப்புகளைத் தொட்டால், கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் எல்லையான 214 கோடியைத் தாண்டி மைனஸ் எண்ணாகிவிடும், நிரல் படுத்துவிடும். அவ்வளவு பெரிய பட்டியல் அப்போது யாரிடம் இருந்தது? சுமார் ஒன்பது ஆண்டுகள் பிழை பதுங்கியே கிடந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் விளக்கமாக ஒப்புக்கொண்டார். திருத்தம் ஒரே வரி. வேடிக்கை என்னவென்றால், கணினி அறிஞர் ஜான் பென்ட்லி தம் புத்தகத்தில் சரியென்று நிறுவிக்காட்டிய நிரலிலும் இதே ஓட்டை!