கேக் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பொங்கலூர் பக்கம் டீக்கடைக்கே பேக்கரி என்றுதான் பேர். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும்போது பிள்ளைக்கு ஒரு கேக் பாக்கெட் வாங்கிப் பையில் போடாதவர்கள் குறைவு. அந்தப் பிள்ளைக்கு சீலியாக் நோய் இருந்தால் மட்டும் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும் நோய் அது.

1. முன்பக்கம் ராகிக் கதிர் படம் இருக்கும். பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மைதாவாக இருக்கும். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். ராகி எத்தனை சதவீதம் என்பதையும் அங்கேயே பாருங்கள். சில சமயம் சிரிப்பு வரும்.

2. மைதா, ஆட்டா, ரவை, செமோலினா, வீட் குளூட்டன், பார்லி, மால்ட் எக்ஸ்ட்ராக்ட் – இதில் ஒன்று இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். பக்வீட் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கோதுமை இனமே இல்லை.

3. பட்டியலுக்குப் பக்கத்தில் ஒவ்வாமைக் குறிப்பு இருக்கும். ‘கன்டெய்ன்ஸ் வீட்’ என்றால் கோதுமை சேர்த்திருக்கிறார்கள். ‘மே கன்டெய்ன் வீட்’ என்றால் அதே இடத்தில் கோதுமையும் புழங்குகிறது, ஒட்டியிருக்கலாம். சீலியாக் உள்ளவர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

4. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ‘லோ குளூட்டன்’ என்பது வேறு. அதில் 100 வரை போகலாம்.

5. பச்சைப் புள்ளி, ‘எக்லெஸ்’, ‘நோ மைதா’ எதுவும் குளூட்டன் இல்லை என்பதற்கு உத்தரவாதம் அல்ல. மைதா இல்லை என்றால் பெரும்பாலும் ஆட்டா இருக்கும்!

6. ஓட்ஸ் கேக்கா? ஓட்ஸில் கோதுமை கலப்பது சகஜம். குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்டிருந்தாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

7. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கேக்குக்கு லேபிளே கிடையாது. “மைதா போடலீங்க, அரிசி மாவுதான்” என்று கடைக்காரர் மனசாரச் சொன்னாலும், கேக் ஒட்டாமல் வர டின்னில் என்ன தூவினார் என்று கேளுங்கள். நெய் தடவி ஒரு பிடி மைதா தூவித் தட்டுவதுதான் பழக்கம். அதை அவர் சேர்மானமாகவே நினைப்பதில்லை.

8. பழகிய பாக்கெட்தானே என்று விடாதீர்கள். கம்பெனி சேர்மானத்தை மாற்றினால் நம்மைக் கேட்டா மாற்றும்?

9. சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகம்தான், இன்னும் பரிசோதிக்கவில்லை என்றால் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் டாக்டர், பிறகு பத்தியம்.

10. வீட்டிலேயே கம்பு, சோள மாவில் கேக் செய்வது நல்ல யோசனை. ஆனால் அந்தக் கம்பை எங்கே அரைத்தீர்கள்? மில்லில் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், இயந்திரத்தில் தங்கிய மாவு முதலில் உங்கள் தூக்கில்தான் விழும். கம்பைக் கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். சல்லடையும் அதற்கென்று தனியாக ஒன்று.